சாப்பாட்டு வரிசை

ஈப்போவிலிருந்து பத்து காஜா ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். வீடில்லாதவர்களுக்காகத் தேவாலயத்தில் நடந்த கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் பாடி, சாப்பாடும் பரிமாறிவிட்டு வருகிறார்கள்; இருவருக்கும் ஒரே மாதிரிச் சிவப்புச் சேலை. மூத்தவள் செருப்பைக் கழற்றிக் காலை நீவிக்கொண்டே சொன்னாள்:

“என் தம்பி இன்னைக்கு என்னைய மேடம்னு கூப்பிட்டான்லா.”

“தம்பியா? எங்க வந்தாருக்கா?”

“சாப்பாட்டு வரிசையில. ரெண்டு வருசமா கடைவாசல் காக்கி லீமா நடைபாதையிலதான் படுத்துக் கெடக்கான். நான்தான் தட்டுல மீகூன் போட்டேன். ‘தேங்க்யூ மேடம்’னு வாங்கிக்கிட்டான்.”

“ஐயோ, ஏன்க்கா அப்படி?”

“பக்கத்துல நீங்கல்லாம் நின்னீங்கல்ல.”

“நீங்களாச்சும் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நானும் ‘அடுத்த ஆளு வாங்க’ன்னுட்டேன்.”