சேவல் தண்ணீர் குடித்த கேன்

அன்னவாசலில் பஸ் கிளம்பியதுமே முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த அம்மாளிடம் சத்தமாகச் சொன்னார்.

"கொறை கோழிகிட்ட இல்லக்கா, சேவல்கிட்ட."

பாதி பஸ் திரும்பிப் பார்த்தது. அவர் நிறுத்தவில்லை.

"அடைக்கு வச்ச முட்டையெல்லாம் கூமுட்டை. கோழி சரியில்லன்னு ரெண்ட அடிச்சுக் கொழம்பு வச்சுட்டேன். அப்புறம் பக்கத்து வீட்டுச் சேவல விட்டுப் பாத்தா, மிச்சக் கோழிக முட்டை அம்புட்டும் பொரிச்சிருச்சுக்கா."

"ஒங்க சேவலுக்கு என்னவாம்?"

"பூச்சி மருந்து கேன வெட்டி, அதுலதான் தண்ணி வச்சேன். மருந்து உள்ள போயி உயிரணுவக் கொறச்சிருக்கும்னு மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்றாரு. பாக்குறதுக்குக் கொண்டையும் வாலுமா ராசா கணக்காத்தான் நிக்கிது."

அந்த அம்மாளின் குரல் இறங்கியது. "எம் மகன் வருசம் பூரா வயலுக்கு மருந்து அடிக்கிறவன்."

"நீங்க எங்கிட்டுப் போறீங்க?"

"புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு. கல்யாணமாகி இத்தன வருசமாச்சு, மருமகளுக்குப் பிள்ள இல்ல. இவளக் காட்டாத டாக்டர் இல்ல."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மருமகள் மாமியார் பக்கம் திரும்பினாள். தன் போனை எடுத்து நம்பரைப் போட்டு அவரிடம் நீட்டினாள்.

"அவரையும் வரச் சொல்லுங்கத்தே."