பதினைந்தாவது கோரிக்கை

…புஸ்தகமே இல்லாம புஸ்தக வெளியீடு நடத்திட்டாங்க சார். நம்ப மாட்டீங்க. மெய்யாலுமே. மவுண்ட் ரோட்டு காலேஜ் மைதானத்துல, அவ்ளோ ஜனம் வந்து போற கண்காட்சில, மேடை போட்டு, மைக் கட்டி, குத்துவெளக்கு ஏத்தி. என் ரெண்டு கண்ணால பாத்துட்டு நேரா வந்து இந்த பஸ்ல குந்திகினு கீறேன்.

கொஞ்சம் ஜன்னல் பக்கமா நகந்துக்கோங்க. கீழ அந்தக் கட்டு இடிக்குதா? வேற எடம் இல்ல, இன்னா பண்றது. கால மட்டும் மேல வெச்சுடாதீங்க. ஒண்ணும் இல்ல, நோட்டீசு. நாப்பது வருசமா நம்ம கைல நோட்டீஸ் கட்டு இல்லாத நாளே கெடயாது. உங்க பிளாஸ்க்க மடில வெச்சுக்கோங்க. ரோட்ட நாலு வழியாக்குறேன்னு தோண்டிப் போட்டுகீறான், குலுக்குற குலுக்குல மூடி கழண்டுக்கும்.

என் பேரு பாண்டுரங்கன். வல்லக்கோட்டை. இருங்காட்டுக்கோட்டைலேந்து ஒரகடம் வரைக்கும் எந்தக் கம்பெனி கேட்ல வேணா என் பேரச் சொல்லிப் பாருங்க. செக்யூரிட்டி ஒடனே கேட்ட மூடிடுவான். அதான் சார் நான் வாங்குன பட்டம். படிப்பு எட்டாவது. மிச்சம் எல்லாம் சின்னச் சின்ன பிரசுரம், துண்டு நோட்டீசு, சங்கத்து லைப்ரரி. ஆனா இன்னிக்கு அந்த மேடைல குந்தியிருந்தானுங்களே, அவனுங்க அத்தினி பேரையும் சேத்தாலும் நான் படிச்ச அளவுக்கு… இன்னா சார்? தண்டலமா? ஆஸ்பத்திரி ஸ்டாப்புதானே? நான் சொல்றேன் வுடுங்க. இந்த ரூட்ல எந்தப் புளியமரத்த எந்த வருசம் வெட்டுனான்னு எனக்குத் தெரியும். நீங்க நிம்மதியா குந்துங்க.

எதுல வுட்டேன்? ஆங், கண்காட்சி. இன்னிக்குக் கடைசி நாளு. ஞாயித்துக்கெழம வேற. உள்ள நொழஞ்சா கும்பல் எங்க நிக்குதுன்றீங்க? டெல்லி அப்பளத்துக்கு. ஒரு கொடை அகலத்துக்கு அப்பளம், அதுல மொளகாப்பொடி. அதுக்கு ஒரு க்யூ. அத்தத் தாண்டுனா சமையல் புஸ்தகம், வாஸ்து புஸ்தகம், முப்பது நாள்ல கோடீஸ்வரன் ஆவறது எப்படின்னு ஒண்ணு. அவனவன் அப்பளத்தக் கடிச்சிகினே பொறட்டுறான். எண்ணெக் கை. கேட்டா தமிழனுக்கு வாசிப்புப் பழக்கம் பெருகிடுச்சாம்.

சரி, மேடைக்கு வரேன். பேனர்ல ஒம்பது பேரு மூஞ்சி. எழுதுன பொண்ணு மூஞ்சி எங்கன்னு பாத்தா, ஓரத்துல ஸ்டாம்பு சைசுல. மாரிசெல்வின்னு பேரு. சங்கரன்கோயில் பக்கம். குன்றத்தூர்ல ஒரு ரூம்ல எட்டுப் பொண்ணுங்களோட இருக்குது. காருக்கு ஒயர் கட்டுற கம்பெனில லைன்ல வேல. நின்னுகினே எட்டு மணி நேரம், ஓட்டி, அதான் ஓவர்டைம், வந்தா பன்னெண்டு. அது கவித எழுதுது சார். ரிஜெக்ட் ஆன பீஸ்ல கட்டுவாங்களே செவப்பு அட்டை, அதுக்குப் பின்னால எழுதிகினே வந்துகீது. மூணு வருசம்.

அந்தப் பொண்ணு புஸ்தகத்த வெளியிட ஒரு ரிட்டயர்டு அதிகாரி. அவருக்கு ஒரு பொன்னாட. பெற்றுக்கொள்ள ஒரு டாக்டரு. அவருக்கும் பொன்னாட. வாழ்த்துரை ஆறு பேரு. ஒருத்தர் ஒருத்தருக்குப் போத்துறாங்க, போத்துனத மடிச்சுப் பக்கத்து நாற்காலில வெக்கறாங்க, ஜவுளிக்கடைல ரகம் பாத்துட்டு வெக்கற மாதிரி.

அப்பறம்தான் கூத்து. ஜிகினாத் தாள்ல சுத்தி, ரிப்பன் கட்டி, தட்டுல ஒரு பார்சல் வருது. வழக்கமா இன்னா பண்ணுவாங்க, தாளப் பிரிச்சு அட்டைய சனத்துக்குத் தூக்கிக் காட்டுவாங்க. அதிகாரி நகத்தால ஒரு மூலையக் கிழிச்சாரு பாருங்க, உள்ள எட்டிப் பாத்தாரு. அப்படியே நெஞ்சோட அணைச்சுகினாரு. போட்டோ எடுத்தாங்க. சனம் கை தட்டுது. உள்ள இன்னா கீது தெரியுமா? நம்பிராஜன் கடையோட பழைய வெலப்பட்டியல். நாலு வருசத்துப் பட்டியல ஒண்ணா அடுக்கிச் சுத்துனான், பேனருக்குப் பின்னால வெச்சு. நம்பிராஜன்னா அந்தப் புஸ்தகத்தப் போட்ட பதிப்பாளரு. அவசர அவசரமா ரிப்பன் கட்டுனான். நான் ரெண்டடி தள்ளி நிக்கறேன், என்னப் பாக்கல.

அதுக்கப்பறம் ஆறு பேரும் பேசுனாங்க சார். ரெண்டு மணி நேரம். ஒருத்தன் கைலயும் புஸ்தகம் இல்ல. ஒரு வரி படிச்சவன் இல்ல. "இந்தக் கவிதைகளில் மண்ணின் ஈரம் கசிகிறது." கசியுதாம். ஒயர் கம்பெனில எங்கடா மண்ணு? தரை பூரா பச்சைப் பெயிண்டு. இன்னொருத்தர் "வலியின் மொழி"ன்றாரு. மூணாவது ஆளு அந்தப் பொண்ணு பேரையே மாத்திச் சொல்றாரு, முத்துச்செல்வின்னு. படிக்காத புஸ்தகத்த இப்படிப் பாராட்டறதுக்கு இன்னா நெஞ்சழுத்தம் வேணும்… இருங்க சார், இத்த முடிச்சுடறேன். அதான் சொன்னேனே, ஸ்டாப்பு வந்தா நான் சொல்றேன்னு. இது செம்பரம்பாக்கம் ஏரிக்கரை, காத்து வருது பாருங்க.

அந்தப் பொண்ணோட லைன்லேந்து முப்பது பொண்ணுங்க வந்துகீதுங்க. ஞாயித்துக்கெழம ஓட்டிய வுட்டுட்டு. தலை நெறைய பூ, கவரிங் செயினு, கல்யாணத்துக்கு வந்த மாதிரி மொத வரிசைல ஒக்காந்துகினு கீதுங்க. ரெண்டு மணி நேரமும் கழுத்த நீட்டிப் பாத்துகினே இருந்துச்சுங்க, புஸ்தகம் எப்ப கைக்கு வரும்னு. அவங்க எழுதிக் குடுத்த வார்த்தைங்க எல்லாம் அதுல இருக்குதாமே. கடைசில மாரிசெல்விய ஏற்புரைன்னு கூப்டாங்க. அது பேசுனது ரெண்டே வரி. "புஸ்தகம் வந்துக்கிட்டு இருக்கு. எங்க சங்கத்து அண்ணாச்சி எடுத்துட்டு வாராவ, கண்டிப்பா வந்திருவாவ." அவ்ளோதான். ஒக்காந்துட்டா.

இன்னா பாக்கறீங்க?

ஆமா சார். அண்ணாச்சி நான்தான்.

அந்தக் கட்டுதான். நோட்டீசு இல்ல. இருவது புஸ்தகத்துக்கு ஒரு பொட்டலம், அஞ்சு பொட்டலம். அதனாலதான் கால வெக்காதீங்கன்னேன்.

கேளுங்க, முழுசாக் கேட்டுட்டு அப்பறம் தலைய ஆட்டுங்க. கண்காட்சி நேரத்துல மெட்ராஸ்ல ஒரு பிரஸ்ஸும் காலி இல்ல. நம்பிராஜன் தலைல கைய வெச்சுட்டான். நான்தான் நெஞ்ச நிமித்திகினு சொன்னேன், எங்க ஸ்ரீபெரும்புதூர்ல கண்ணப்பன் பிரஸ் கீது, இருவத்தஞ்சு வருசமா என் நோட்டீச அடிக்கறவன், கடைசி நாளுக்குள்ள அடிச்சு, நானே தூக்கிகினு வந்து மேடைல வெக்கறேன்னு. சொன்ன மாதிரி இன்னிக்குக் காலைல ஏழு மணிக்குக் கட்டு கைக்கு வந்துடுச்சு. ஏழரைக்கு பஸ்ஸு. நான் ஒரு நாளும் லேட்டு ஆனவன் இல்ல.

பஸ்ல ஒரு பொட்டலத்தப் பிரிச்சேன். ஏன்னா, அதுல அணிந்துரை நான். பதினோரு பக்கம். போன மாசம் ஒரே மூச்சுல எழுதுனது. கண்ணப்பன் ஒரு கால்புள்ளி வுடாம போட்டுகீறான். உலகமயம், ஏகாதிபத்தியம், உழைக்கும் மகளிரின் போர்முரசு, எல்லாம் அழுத்தமா வந்துகீது. படிச்சேன். இன்னொரு தபா படிச்சேன். அப்பறம் சும்மா பக்கத்தத் தள்ளிகினே போனா, இருவத்தி மூணாம் பக்கம்.

பொறுங்க, எடுத்துக் காட்றேன். அந்த முடிச்ச மட்டும் இப்படி… ஆங். இந்தாங்க, நீங்க புடிங்க. கண்ணாடி இல்லாம படிப்பேன், மனப்பாடம் ஆயிடுச்சு.

"பதினான்கு கோரிக்கை.
பதினான்கும் நியாயம்.
தலைவர் மூன்று மணி நேரம் பேசினார்.
காலைப் பின்னிக்கொண்டு
நாற்பது பேர் நின்று கேட்டோம்.
பதினைந்தாவதை மூன்று முறை சொன்னோம்.
இரும்மா, இதை முடித்துவிடுகிறேன் என்றார்."

இதான் கவிதையாம். எதுகை கீதா, மோனை கீதா?

அந்தப் பதினஞ்சாவது இன்னான்னு கேக்கறீங்களா? கேக்கலயா? சொல்றேன். அந்த லைன்ல நாப்பது பொண்ணுங்களுக்கு ஒரே டோக்கன் சார். பிளாஸ்டிக் டோக்கன், சூப்பர்வைசர் டேபிள்கிட்ட ஆணில தொங்கும். அத்த எடுத்துகினு போனாத்தான் கக்கூசு. ஒருத்தி திரும்பி வந்து மாட்டுனாதான் அடுத்தவ. இன்னொரு டோக்கன் கேளுங்க அண்ணாச்சின்னுச்சு. நான் போனஸ் பேசறேன், நிரந்தரம் பேசறேன், பன்னெண்டு மணி நேரத்த எட்டாக்கணும்னு பேசறேன். எதுத்தாப்ல மொதலாளி குந்தினுகீறான், வக்கீலு குந்தினுகீறான். அந்த எடத்துல போயி கக்கூஸ் டோக்கன்னா சிரிக்க மாட்டானா? போராட்டத்துக்குன்னு ஒரு கவுரவம் இல்லயா?

எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு. பூந்தமல்லில எறங்கிட்டேன். ஒரு டீக்கடை பெஞ்சுல குந்துனேன். மூணு மணி நேரம். எழுத்து எழுத்தா அந்தப் பக்கத்தப் பாத்துகினே இருந்தேன். அப்பறம் மனசு கேக்கல, போனேன். போயி பேனருக்குப் பின்னால நின்னேன். குடுக்கலாம்னுதான் நின்னேன். நம்பிராஜன் ஜிகினாத் தாள எடுத்தத பாத்ததும், சரி நடத்துங்கடா, பாப்போம்னு வுட்டுட்டேன்.

அவனுங்களாவது தேவல, புஸ்தகம் கைல இல்ல, படிக்கல. என்கிட்ட ரெண்டு மாசமா இருந்துச்சு சார். அந்தப் பொண்ணு நோட்ல அழகா எழுதி, ஒறைல போட்டு, வூட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போச்சு. "படிச்சுப் பாத்து எழுதுங்க அண்ணாச்சி, தப்புன்னா சொல்லுங்க, எடுத்திருதேன்"னுச்சு.

இல்ல. படிக்கல. நம்ம பொண்ணு இன்னா எழுதியிருக்கும்னு நமக்குத் தெரியாதான்னு நெனச்சேன். நோட்டு இன்னும் அலமாரிலதான் கீது, ஒறையக்கூடப் பிரிக்கல. படிச்சிருந்தா அந்தப் பக்கத்த எடுத்துடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பேன், எடுத்திருக்கும். மெய்யாலுமே எடுத்திருக்கும். கேட்டுப்புட்டுத்தான் போட்டுகீது. நான்தான்…

பேசாம இருங்க சார், எதுக்கு மேல மேல எழுந்திருக்கறீங்க? கட்டு தடுக்கி வுழுந்துடப் போறீங்க. ஏன், இன்னா வந்துடுச்சு இப்ப? இது… ஏ கண்டக்டரு, இது எந்த எடம்பா?

ஸ்ரீபெரும்புதூரா?

தண்டலம் எப்ப போச்சு? நீங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாதா சார்?

சொன்னீங்களா? எப்ப? மூணு தபாவா?

…

எறங்குங்க. ஹோல்டான், ஹோல்டான், ரெண்டு பேரு. பாத்து, பிளாஸ்க்கு. நான் மொதல்ல கட்டத் தூக்கிடறேன், அப்பத்தான் உங்களுக்கு வழி. ம். இந்தக் கனம் காலைல தெரியல.

ரோட்டக் கடந்து அந்தப் பக்கம் நிப்போம். பூந்தமல்லி வண்டி வரும், எல்லாம் தண்டலத்துல நிக்கும். கால் மணி நேரம். நானும் அதே வண்டிதான். இல்ல, வல்லக்கோட்டைக்கு இங்கேந்து போவலாம், தெரியும். கண்காட்சிக்கே திரும்பிப் போறேன், நம்பிராஜன் கடைய எட்டரைக்குத்தான் மூடுவான். அந்தப் பொண்ணுங்க போயிருக்காது, அவ வந்திருவாவன்னு சொல்லிட்டா இல்ல, குந்திகினு இருக்கும். இன்னா சொல்றது அவகிட்ட? வண்டி பஞ்சருன்னு சொல்லிக்கலாம். நம்பிடுவா. எதச் சொன்னாலும் நம்புவா, அதான் சார் பேஜாரு.

கைல இன்னா? அட, அந்த ஒரு புஸ்தகம், பிரிச்சது, உங்க கைலயே கீதா? வெச்சுக்கோங்க. படிங்க. அணிந்துரைய வுட்டுடுங்க, பன்னெண்டாம் பக்கத்துலேந்து படிங்க.

ஆமா, ஆஸ்பத்திரில யாரு சார்? நான் கேக்கவே இல்ல பாருங்க… சம்சாரமா? இன்னா ஒடம்பு?

ஆஸ்பத்திரின்னா, எண்பத்தி நாலுல தடியடில மண்ட ஒடஞ்சு நான் காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரில பதினேழு நாளு…

சரி. நீங்க சொல்லுங்க.