ஏழாவது ஆள்

— அந்த இஸ்திரிப் பெட்டியைக் கீழ வெச்சுட்டு என் மூஞ்சியைப் பாரு. பேசிட்டிருக்கேன்ல.

— காது கேக்குது அண்ணா. கைதான் வேலை செய்யுது. சொல்லு.

— என் கட்டுரையைத் திருப்பி அனுப்பிட்டாங்க. என் கட்டுரையை.

— எது?

— அதான், இதயத்துல ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கற மாத்திரையைச் சீக்கிரமே நிறுத்திடலாம்னு... பெரிய மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பினேனே. அவங்க கருத்துக் கேட்ட எவனோ படிச்சுட்டு, போடாதீங்கன்னு எழுதிட்டான். பேர் கிடையாது, ஊர் கிடையாது. மறைஞ்சு நின்னு கல்லெறியற வேலை.

— எவனோதானா? எவளோவா இருக்கக் கூடாதா?

— யாரா இருந்தா என்ன?

— பேர் சொல்லாம எழுதறதுதானே அவங்க விதி. நீயும் எத்தனை பேர் கட்டுரையை அப்படிக் கிழிச்சிருக்கே.

— நான் எழுதறது வேற.

— ஓ.

— என்ன ஓ? நூத்தி அறுபது கட்டுரை வந்திருக்கு எனக்கு. நாலாயிரம் இடத்துல என்னை மேற்கோள் காட்டியிருக்காங்க.

— அதுல எத்தனை தடவை உன்னை நீயே காட்டிக்கிட்டது?

— அந்த ஆளும் இதையேதான் கேட்டிருக்கான். என் வேலையை நான் சொல்லாம பக்கத்து வீட்டுக்காரனா வந்து சொல்லுவான்?

— அவ்வளவுதான் எழுதியிருந்ததா?

— இன்னொண்ணும்... அது ஒண்ணுமில்ல, விடு.

— ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு தூரம் வந்தே?

— என் முதல் கட்டுரை இருக்கில்ல, எல்லாரும் மேற்கோள் காட்டறது... அதுல பன்னிரண்டு பேருக்கு மாத்திரையை நிறுத்திப் பார்த்தோம். பதினோரு பேர் நல்லா இருக்காங்கன்னு எழுதினோம். ஏழாவது ஆள் எங்கேன்னு கேக்கறான்.

— எங்கே?

— என்ன எங்கே?

— ஏழாவது ஆள்.

— தொடர்புல இல்ல. கட்டுரையிலேயே இருக்கு, 'ஒருவரைத் தொடர்புகொள்ள இயலவில்லை'ன்னு. எல்லா ஆராய்ச்சியிலயும் நடக்கறதுதான். வீடு மாத்திடுவாங்க, போன் எடுக்க மாட்டாங்க...

— போன் பண்ணிப் பார்த்தீங்களா?

— நீ என்ன, போலீஸா?

— இந்தப் புதுக் கட்டுரை வந்தா என்ன ஆகும் அண்ணா?

— எல்லா ஆஸ்பத்திரியிலயும் மாத்திரையைச் சீக்கிரம் நிறுத்துவாங்க. பழைய கட்டுரையைப் பார்த்தே பாதிப் பேர் நிறுத்தறாங்க.

— அதை நினைச்சாதான் வயிறு எரியுது.

— உனக்கு ஏன் எரியுது? சரி, கேளு. பத்திரிகை ஆசிரியருக்கு எழுதப் போறேன், உங்க ஆளுக்கு ஒரு கணக்கும் தெரியலைன்னு. நீ காலேஜ்ல புள்ளியியல் சொல்லித் தர்றவ. கூட நாலு வரி எழுதிக் குடு.

— நான் எழுத வேண்டியதை அந்தப் பத்திரிகைக்கு எழுதிட்டேன். என்ன, ஆச்சரியமே படாம நிக்கறே?

— தெரிஞ்சுதான் வந்தேன். கட்டுரையில 'ஒருவர்'னுதான் இருக்கு. ஏழாவதுன்னு எங்கேயும் போடல. அந்த நம்பர் எனக்குத் தெரியும். அப்புறம்... செக்கப்புக்கு அந்த நம்பர் போட்ட அட்டையைக் கையில வெச்சுக்கிட்டு வெளியில உக்காந்திருந்தவளுக்குத் தெரியும்.

— அப்போ இவ்வளவு நேரம் எவனோ எவனோன்னு திட்டினது?

— நீயா வாயைத் திறப்பியான்னு பார்த்தேன். சொந்த அண்ணன் எழுதினதுன்னு தெரிஞ்சும் படிச்சிருக்கே. எனக்கு விதி சொல்றியே, இது எந்த விதியில வரும்? ஒதுங்கியிருக்க வேண்டாமா நீ?

— ஒதுங்கியிருக்கணும். அதனாலதான் காலையில ஆசிரியருக்கு இன்னொரு தடவை எழுதினேன், நான் உன் தங்கச்சின்னு. என் கருத்தை ஒதுக்கிட்டு வேற யார்கிட்டயாவது குடுங்க, ஆனா அந்த ஏழாவது ஆளைப் பத்தி மட்டும் கேளுங்கன்னு.

— அடிப்பாவி... யாருன்னு சொல்லிட்டியா?

— சொல்லிட்டேன். உன் வீட்டு மாடி ரூம்லதான் இருந்தார்னு சொன்னேன். நீ சொன்னேங்கற ஒரே காரணத்துக்காக மாத்திரையை நிறுத்தினார், நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தப்போ முதல்ல உன் பேரைத்தான் கூப்பிட்டார்னு சொன்னேன். நாலாயிரம் பேர் உன் பேரைச் சொல்லட்டும் அண்ணா. தலைமாட்டுல உக்காந்து அவ்வளவு அழுதுட்டு, எழுந்து போய் அப்பாவைத் தொடர்புகொள்ள முடியலைன்னு எழுதியிருக்கியே.