நாலு விரல் ஜன்னல்

இந்த அறையில் ஹீட்டரைத் தப்பான மூலையில் வைத்திருக்கிறீர்கள் ஐயா. சூடெல்லாம் கதவு வழியாகப் போய்விடுகிறது. நான் நடந்துகொண்டே பேசலாமா? உட்கார்ந்தால் கால் பரபரக்கிறது.

எங்கள் பட்டறை ஹீட்டரைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான். பட்டறை எனக்கும் மாப்பிள்ளைக்கும் பொது. மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். நான் மேசை நாற்காலி செய்வேன், அவர் வார்னிஷ் பூசுவார். பதினோரு வருஷம். அவர் கை பட்டால் பலகைக்கு உயிர் வந்துவிடும். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு வஞ்சனையும் இல்லை. வருகிறவர்கள் என்னைத் தாண்டிப்போய் அவரைத்தான் தேடுவார்கள். அதுவும் என்னை உறுத்தியதில்லை.

பூச்சறை சின்னது. பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒரு ஜன்னல், ஒரு கதவு. குளிர்காலத்தில் அங்கே வார்னிஷ் வெளுத்துப்போகும், காயவே காயாது. அதனால் ஒரு வாரம் கடை கடையாக ஏறி இறங்கினேன். விசிறி வைத்த மின்சார ஹீட்டர் தூசியைக் கிளப்பும். மரத்தூள் இருக்கிற இடத்தில் விறகடுப்பு வைப்பது கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொள்கிற கதை. புகையைக் குழாய் வழியாக வெளியே விடும் கேஸ் ஹீட்டரைக் கடைக்காரர் காட்டினார். எங்கள் சுவர் பழையது, துளைத்தால் விரிசல் விடும். கடைசியில் குழாய் இல்லாத, சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டரை எடுத்தேன். சத்தம் கிடையாது. நாங்கள் பூசுவது தண்ணீரில் கரைக்கிற வார்னிஷ், தீப்பிடிக்கும் என்ற பயமும் இல்லை. கடைக்காரர் ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

"ஜன்னலை நாலு விரலாவது திறந்து வைங்க. மூடிட்டா விஷக்காத்து சேரும். வாசனை வராது, உள்ள இருக்கிறவனுக்குத் தெரியவே தெரியாது."

நாலு விரல் திறந்தேதான் வைத்தேன், எழுதிக்கொள்ளுங்கள். மூடியது மாப்பிள்ளை. தூசி என்றால் அவருக்கு ஜென்மப் பகை. தரையை ஈரத்துணியால் துடைத்து, சட்டையை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் பிரஷைத் தொடுவார். ஜன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டினார். கடைக்காரர் சொன்னதை நான் அப்போதே சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டது. முதல் நாள் மறதிதான், அது நிஜம்.

அதே வாரம் சாப்பிடும்போது மாப்பிள்ளை பேச்சோடு பேச்சாகச் சொன்னார். வேறு ஊரில் தனியாகப் பட்டறை பார்த்திருக்கிறாராம். அடுத்த மாதம் தங்கையையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறாராம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை ஐயா, எனக்கென்று இருப்பது அந்த மூன்று பேர்தான். நல்லது மாப்பிள்ளை என்றேன். கை கழுவப் போனவன் தண்ணீர் ஓட ஓட எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பிறகு அவருக்குத் தலைவலி வந்தது. குமட்டுகிறது என்றார். மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொன்னாள் தங்கை. வார்னிஷ் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். விடுமுறையில் சரியாகிவிடும், வேலை நாளில் திரும்ப வரும். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சொல்லத்தான் வாயெடுத்தேன், சத்தியமாக. அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"முதல்ல இந்தத் தலைவலி தீரட்டும் மச்சான். போறதை ரெண்டு மாசம் தள்ளிப் போட்டுக்கலாம்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பிறகு ரொம்பக் கவனமாக இருந்தேன். ஆள் மிகவும் வாடிப்போனால் காகிதத்தைக் கிழித்துக் காற்று விடுவேன். தெம்பு வந்து ஊர் மாறுகிற பேச்சை எடுத்தால் மறுபடி ஒட்டுவேன். மச்சானுக்கும் தூசிப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்தார். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன், நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டேன். பெற்றவள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். குளிர்காலம் முழுக்க இப்படியே ஓடியிருக்கும்.

அவர்தான் கேட்கவில்லை. வலியோடே போகிறேன், இடம் மாறினால் சரியாகிவிடும் என்றார். லாரிக்கும் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை காலை, கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு மேசை பாக்கி.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பூச்சு முடிந்ததும் பூசியவர் அறைக்குள்ளேயே அசையாமல் உட்கார்ந்திருப்பார். நடந்தால் தூசி எழும். தெரியாமல் யாரும் திறந்துவிடக் கூடாது என்று மற்றவர் வெளியே தாழ்போட்டுக் காவல் நிற்பார். ஒரு மணி நேரம். அன்றும் அப்படித்தான் செய்தோம். காகிதம் மட்டும் இரண்டு அடுக்காக ஒட்டியிருந்தேன். வெளியே வருவதற்கு முன் ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருகிவிட்டேன். தாழ்போட்டதும் கதவடியில் ஈரச் சாக்கைத் திணித்தேன். பிறகு வாசலுக்கும் கதவுக்குமாக நடந்தேன், நடந்தேன், நிற்கவே முடியவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"மச்சான், கதவைத் திறங்க. என்னமோ பண்ணுது."

"கொஞ்சம் பொறுங்க மாப்பிள்ளை. பூச்சு இறுகட்டும்."

இன்னொரு தடவை கூப்பிட்டார். குரல் குழறியது. நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. என் கை தாழ்ப்பாளின் மேல்தான் இருந்தது. அப்போது மணி ஒன்பதே கால். பத்தரைக்குத் திறந்தேன்.

கொன்றது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளேயிருந்து, 'போகலை மச்சான்' என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் அந்த நிமிஷமே திறந்திருப்பேன். அதற்காகத்தான் காதைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றேன். போகாதீர்கள் என்று நான் அவரிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லைதான்; இத்தனை வருஷம் கூட இருந்தவருக்கு அது தானாகத் தெரிய வேண்டாமா ஐயா?