மொன்ட்ரோஸ் சிறுமிக்கு மாலை போட்ட வீடு

கிளென் வேவர்லி மண்டபத்தின் மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, கதிரை கிடைக்காமல் சுவரைத் தாங்கி நிற்கும் இளையோரே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் சகோதரி சந்திரவதனா அவர்களே, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் திருமதி மக்ரே அவர்களே, எல்லோருக்கும் என் துயரம் கலந்த வணக்கம்.

நாம் இழந்திருப்பது யாரை? ‘ஸ்கொட்லாந்துச் சக்கரவர்த்தி’ அருந்தவன் அவர்களை. பட்டத்தைச் சூட்டியவன் நான்தான். அந்த நாட்டுக்கு அவர் ஒருநாளும் போனதில்லை. ஆனால் அவர் அறியாத புகைபோக்கி ஒன்று அங்கே உண்டா? அந்த ஊர் மணிக்கூட்டுக் கோபுரங்கள் நேரம் பிழைத்தால் முதலில் இவரிடம்தான் மன்னிப்புக் கேட்கும்.

ஸ்கொட்லாந்துக் குடும்பங்கள் கப்பலில் கொண்டுவந்த பழைய படங்கள், வீடு ஒதுக்கும்போது மெல்பேர்ண் ஞாயிற்றுச் சந்தைகளுக்கு வந்துவிடும். அவற்றை வாங்கி, எந்த ஊர், எந்தத் தெரு என்று கண்டுபிடித்து, அந்தந்த ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கே திருப்பி அனுப்புவார்.

“உமக்கேன் ஐசே இந்த வேலை?” என்று கேட்டேன்.

“எங்கட வீட்டுப் படம் ஒண்டுகூட இல்லாமல் வந்தனாங்கள். வேற ஆற்றையோ வீட்டுப் படமெண்டாலும் வீடு போய்ச் சேரட்டும்” என்றார்.

அதற்குப் பிறகு நான் அவரைப் பகிடி பண்ணவில்லை, ஒரு கிழமை வரைக்கும்.

அவருடைய முறை ஒன்றுதான். “முகத்தைப் பாராதையும். பின்னுக்கு என்ன நிக்குதெண்டு பாரும்.” அப்படித்தான் ஒரு சிறுமியின் படத்தில், பின்னால் இருந்த, பாண் போடும் பேக்கரிக் கடையின் பெயரைப் பூதக்கண்ணாடியால் பிடித்து, கடை இருந்த ஊர் மொன்ட்ரோஸ் என்று கண்டுபிடித்தார். அந்தப் பெருமையில் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, பிறகு சொந்தக்காரரிடம் தேடி வாங்கிய தன் தகப்பனார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

அவர் துணைவியார் சந்திரவதனா என்ன செய்வார்? பழைய படம், அதுவும் மாமனாருக்குப் பக்கத்தில். பாவம், சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்த பிள்ளை என்று மாலை போட்டு, பொட்டு வைத்து, வெள்ளிக்கிழமை தோறும் விளக்கேற்றினார். அருந்தவனும் தடுக்கவில்லை. எண்பது வருஷத்துப் படம், அந்தப் பிள்ளை இனி எங்கே என்று நினைத்துவிட்டார்.

அசல் படம் போய்ச் சேர்ந்ததும், அந்தச் சிறுமி யாரென்று மொன்ட்ரோஸ் சங்கத்தார் விசாரித்தார்கள். ஏழு கடல் தாண்டிப் போன கேள்விக்குப் பதில் எங்கிருந்து வந்தது? மவுண்ட் வேவர்லியிலிருந்து. எங்கள் ரயில் பாதையில், இடையில் ஒரே ஒரு ஸ்டேஷன்!

அந்தச் சிறுமி தொண்ணூறு வயதில் இவர்கள் வாசலில் வந்து நின்றார். அவர்தான் திருமதி மக்ரே. சுவரைப் பார்த்தால் தன் படத்துக்கு மாலை, முன்னால் விளக்கு.

“சந்திரா, உதைக் கழட்டும்” என்று அருந்தவன் பல்லைக் கடித்தார்.

“வெள்ளிக்கிழமையில கழட்டேலாது.”

திருமதி மக்ரே விளக்கம் கேட்டார். பொய் சொல்லத் தெரியாத அருந்தவன் உள்ளதைச் சொன்னார். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் நகரத்தின் மறுகோடி பொயிண்ட் குக் வரைக்கும் ஜன்னல்கள் அதிர்ந்தன. அவர் சொன்னதை எங்கள் பாஷையில் சொல்கிறேன்: “கழட்ட வேண்டாம். எனக்காக ஒருத்தரும் விளக்குக் கொளுத்தினதில்லை. முழங்கால் நோ குறைஞ்சது ஏனெண்டு இப்பதான் விளங்குது.”

சபையோரே, சந்திரவதனா இனி மகளோடு இருக்க வேறு மாநிலத்துக்கு, குவேக்கர்ஸ் ஹில்லுக்குப் போகிறார். வீடு விலைப்படுகிறது. கராஜில் ஊர் தெரியாத படங்கள் இன்னும் பெட்டி பெட்டியாக, கூரையை முட்டி, வானத்தை விசாரித்துக்கொண்டு நிற்கின்றன.

“குப்பையிலதான் போட வேணுமோ அண்ணை?” என்று நேற்று என்னைக் கேட்டார்.

இதோ நண்பரின் படம், மாலையோடு. முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவர் சொன்னபடி படத்தில் அவருக்குப் பின்னுக்குப் பார்த்தேன். என்ன நிற்கிறது? அதே பெட்டிகள்.

ஆகவே சகோதரி, இந்தச் சபை சாட்சியாகச் சொல்கிறேன். அவை என் கராஜுக்கு வருகின்றன. என் கார் தெருவில் நின்று நனையட்டும். ஞாயிறு பின்னேரங்களில் தேத்தண்ணியும் வடையும் என் பொறுப்பு, பூதக்கண்ணாடி சபையோர் உங்கள் பொறுப்பு. முதல் ஆளாகத் திருமதி மக்ரே பெயர் கொடுத்துவிட்டார்.

படத்துக்கு மாலை விழுந்த பிறகும் அந்த அம்மா வேலைக்கு வருகிறார். இன்னும் மாலை விழாத நமக்கு வராமலிருக்க என்ன சாட்டு?