மூக்கைச் சுளிக்காத ஆளு

சாவி இருக்கட்டும் தம்பி, வண்டி எங்க ஓடிடப் போவுது? மொதல்ல உக்காரு. இன்னா, வந்ததுலருந்து வாசலையே பாத்துக்கினு இருக்க, கூட யாராச்சும் வந்திருக்காங்களா? தனியாத்தான் வந்தியா. ம்.

வண்டி என் கூடப் பொறந்தவனோடது. இன்பராஜ்னு பேரு. ஆம்பூர்ல ஷூ கம்பெனி, பினிஷிங் செக்‌ஷன். நீ இன்னா வேலை செய்ற? மொபைல் கடையா? எங்க, கையக் காட்டு. சும்மாதான், காட்டேன். மொபைல் விக்கிறவன் கையி இப்பிடி வெள்ளையா வெடிச்சிப் போவுமா? தின்னர்லயே வேலை செஞ்சி இன்பராஜுக்கும் இப்பிடித்தான் இருக்கும். சரி சரி, சோப்பு ஒத்துக்கலன்னா ஒத்துக்கல. நான் ஒண்ணும் சொல்லல.

உனுக்கு முன்னாடி வண்டிய வாங்க நெறைய பேரு வந்து பாத்தாங்க. டேங்கு மூடியத் தொறந்தவொடனே மூக்கச் சுளிச்சாங்க. இன்னாக்கா, பெயிண்டு கடை மாதிரி நாறுதேன்னாங்க. நாறாம? பெட்ரோல்ல டொலுவின் இல்ல கலந்திருக்குது, அதான் ஷூ கம்பெனித் தின்னரு. இன்பராஜ் கேன்ல மிச்சம் வெச்சிருந்தத நானேதான் ஊத்தினேன். நீ மட்டும்தான் தொறந்த, பாத்த, மூடின. தெனம் அதுலயே நிக்கிற மூக்குக்கு அது நாத்தமாவே தெரியாது தம்பி.

யாரோ ஒரு தோஸ்த்து அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கான். கம்பெனி டொலுவின கொஞ்சம் ஊத்து, ஆக்டேன் ஏறும், பைபாஸ்ல எவனும் உன்னப் புடிக்க முடியாதுன்னு. பறந்தானுங்க ரெண்டு பேரும். அது உள்ள இருக்கிற ரப்பரத் தின்னும்னு அந்த மகராசன் சொல்லலியே! பெட்ரோல் டியூப்பு ஊறி வெடிச்சி, கொதிக்கிற இஞ்சின் மேல ஊத்தித் தீப்புடிச்சிடுச்சி. பக்கத்துல இன்னொரு வண்டியில வந்தவன் நிக்கவே இல்லியாம். டீக்கடைக்காரங்கதான் மண்ண வாரிப் போட்டு அணைச்சாங்க.

எழுந்திரிக்காத, உக்காரு. வண்டி எரிஞ்சதுன்னு நான் வெளம்பரத்துல போடல. சீட்டு, வயரு, பெயிண்டு எல்லாம் புதுசு. அப்பறம் ஏன் வந்தவொடனே குனிஞ்சி அந்த டியூப்பத் தொட்டுப் பாத்த? வண்டிய வாங்கினு போய் ஒடைச்சிப் போட்டுட்டா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சியா?

கம்பெனியில இன்பராஜத் திருடன்னு சொல்லி வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. கேன எடுத்துக் குடுத்தது யாருன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், பாதிப் பழியாச்சும் எறங்கும். வாயே தொறக்க மாட்டேன்றான். எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு அளவே இல்ல. நேத்து ஆஸ்பத்திரியில கட்டு மாத்தும்போதுகூடக் கேட்டேன். உன்ன விட்டுட்டு ஓடுனானேடா, அவன் பேரச் சொல்லுடான்னேன். அப்பவும் சொல்லல. அக்கா, அவன் மேல நெருப்பு படலதான, யாருகிட்டயாச்சும் விசாரிச்சிச் சொல்லேன்றான்.

சட்டைக் கைய மடிச்சி விடு தம்பி. நல்லாப் பாத்துட்டு அவன்கிட்ட போய்ச் சொல்லணும்.