நம்பர் குடுக்காத பெட்டி

—மறுபடியும் போச்சுடா தம்பி! யாரோ ஒரு அம்மா போன்ல அழுதுகிட்டே சொல்லிட்டிருந்தாங்க, பாதியில அறுந்துபோச்சு.

—இரு அக்கா. இப்பத்தான் படியேறி வர்றேன். மூச்சு விடவா, வேணாமா?

—நீ நல்லா விடு. என் வேலை போகட்டும். சூப்பர்வைசர் ரெண்டாவது எச்சரிக்கையும் குடுத்தாச்சு. இன்னொரு தடவை லைன் அறுந்தா ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டுப் போன்னுட்டாரு. இந்த வீட்டுல சம்பாதிக்கிறது இப்ப நான் ஒருத்தி.

—அதைச் சொல்லிக் காட்டாம உனக்கு ஒரு நாள் விடியாதே.

—உங்களைச் சொல்லலைங்க. நீங்க சும்மா படுங்க.

—வேற என்ன பண்றேன்? கட்டட வேலையில சாரத்துலேர்ந்து விழுந்த நாள்லேர்ந்து அதைத்தானே பண்றேன். எட்டு மாசம். வா மாப்ளே, உன் பெட்டி என் தலைமாட்டுல நாள் பூரா கண்ணடிக்குது. இந்த வயசுல எனக்கு இது தேவையா?

—உங்க பொழப்பு பரவால்ல மாமா. அக்கா, லைன் போனதும் நீ என்ன பண்ணே?

—பாரு, ஓடியாந்து இங்க பார்த்தேன். லைட்டெல்லாம் எரியுது. ரெண்டு நிமிஷம் நின்னேன், வந்துடுச்சு. தினம் இதே கூத்து. லைனைப் பிரிச்சுக் குடுக்க புதுசா ஒரு சுவிட்ச் பெட்டி வாங்குடான்னேன். நீதான் பழைய ரௌட்டரையே சுவிட்சாக்கிக் காட்டறேன்னு பரண்லேர்ந்து இறக்கினே.

—கேட்டுக்க. வாசல்ல இருக்கிற மெயின் பெட்டியிலேர்ந்து ஒரே ஒயர் இங்க வருது. இதுலேர்ந்து மாமா டிவிக்கு ஒண்ணு, சுவத்தைத் தாண்டி உன் கம்ப்யூட்டருக்கு ஒண்ணு. இன்டர்நெட்னு தனியா இருக்கே, அந்த ஓட்டையில செருகினா வேலைக்காகாது. அதுக்கு நான் டேப்பே ஒட்டிட்டேன். ஆனா...

—என்ன ஆனா?

—ஒரு வீட்டுல டிவி, கம்ப்யூட்டருக்கெல்லாம் அடையாள நம்பர் குடுக்கிறது ஒரு பெட்டிதான் இருக்கணும். ரெண்டும் குடுத்தா குடுமிப்பிடி, லைன் வரும் போகும். இதோட வாயை அடைச்சேனான்னு இப்ப சந்தேகமா இருக்கு. அன்னிக்கு நாலு மாடிக்கு ஒயர் இழுத்துட்டு வந்தேன்க்கா, கண்ணு சொருகிடுச்சு.

—அடப்பாவி. உன் தூக்கத்துக்கு என் வேலையா?

—அவனை விடுடி. தங்கமான பய.

—நீங்க எதுக்கு இப்ப அவனுக்கு வக்காலத்து?

—கேட்டுக்க அக்கா, தப்பு என்மேலன்னா நானே உன் சூப்பர்வைசர்கிட்ட வந்து சொல்றேன். இந்தா போன், அதுல பெட்டியோட செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்திருக்கேன். கண்ணாடி கொண்டுவரலை, நீ படி. நம்பர் குடுக்கிறதுக்கு டி எச் சி பி-ன்னு பேரு, இருக்கா?

—இருக்கு. பாரு, ஆஃப்-னு போட்டிருக்கு.

—அப்பாடி! அடைச்சுத்தான் இருக்கேன். அதுக்குக் கீழே?

—என்னமோ... ஓடின நேரம். பதினோரு நிமிஷம்.

—நாளா, நிமிஷமா? நல்லாப் பாரு.

—நிமிஷம்டா.

—நான் வச்சே ஒன்பது நாளாச்சே. அணைச்சுப் போட்டாத்தான் அது முதல்லேர்ந்து எண்ணும். கரண்ட் போச்சா?

—இல்லையே. அந்த ஃபேன் சுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. என் கம்ப்யூட்டரும் அணையலை.

—அப்ப இந்தப் பெட்டியோட கரண்ட் சுவிட்சை மட்டும் யாரோ தட்டியிருக்காங்க.

—யாரு தட்டுவா? வீட்டுல நானும் இவரும்தான். அந்த சுவிட்ச் இவர் கைக்கு எட்டவே எட்டாது.

—என் தடிக்கு எட்டும்.

—என்னங்க சொன்னீங்க?

—மாமா, நீங்களா? அக்கா வேலை போயிடும்னு தெரிஞ்சுமா?

—தெரியும் மாப்ளே. எட்டு மணிக்கு ஆரம்பிக்கிறா, சுவத்துக்கு அந்தப் பக்கம், முகம் தெரியாதவங்ககிட்ட எல்லாம் 'சொல்லுங்க, உங்களுக்கு என்ன உதவி வேணும்'னு. லைன் போனாத்தான் ரெண்டு நிமிஷம் இங்க வந்து நிக்கிறா.